பால்குடிப் பருவமும் இல்லற நெருக்கமும்: 'கீலா' பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்து 233ஆம் வசனம் பாலூட்டல் பற்றிய சட்ட வசனமாகவே நம்மிடையே அறியப்பட்டுள்ளது. பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோர்க்கு அதன் காலம் முழுமையாக ஈராண்டுகள். தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு. தாய் தர இயலாதபோது செவிலித் தாயை அமர்த்திக்கொள்ளலாம். இவ்விதிகளை எல்லா மத்ஹபுகளின் அறிஞர்களும் அவ்வசனத்திலிருந்தே வகுத்தனர். எனினும் அவ்வசனத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. ஈராண்டுகளுக்கு முன்னரே குழந்தையைப் பால் மறக்கச் செய்வதாயின், அம்முடிவு பெற்றோர் இருவரும் மனம் ஒப்பி, ஒருவரோடொருவர் கலந்தாய்ந்து எடுத்ததாக இருத்தல் வேண்டும் என்கிறது அது. மன ஒப்புதலைக் குறிக்க 'தராளின்' என்ற சொல்லையும், கலந்தாய்தலைக் குறிக்க 'தஷாவுர்' என்ற சொல்லையும் இறைவன் அங்கு ஆள்கிறான். பின்னையது 'ஷூரா' என்னும் சொல்லின் வேரிலிருந்து பிறந்தது. முஸ்லிம்களின் பொதுக் காரியங்கள் எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதை 42ஆம் அத்தியாயம் எச்சொல்லால் உணர்த்துகிறதோ, அதே வேர்ச்சொல் ஒரு குழந்தையின் பாலைப் பற்றிப் பேசும்போதும் வருகிறது என்பது ஆழ்ந்து கருதத்தக்கது.

கணவனும் மனைவியும் தாயும் தந்தையுமாக ஆகும் காலத்தில் அவர்களது நெருக்கம் என்னவாக வேண்டும்? குழந்தையின் நலனுக்காக அவர்கள் ஒருவரைவிட்டு ஒருவர் விலகியிருக்க வேண்டுமா? இவ்வினா இக்காலத்தது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்து மதீனாவிலேயே இது வெளிப்படையாக எழுந்தது. அன்று அதற்கு வழங்கிய பெயர் 'கீலா'.

அரபகத்தின் அச்சம்

பாலூட்டும் மனைவியோடு கணவன் கூடுவதே 'கீலா' என்று இமாம் மாலிக் (ரஹ்) தமது முவத்தாவில் விளக்கம் தருகிறார்கள். கருவுற்ற நிலையில் பாலூட்டுவதையே அச்சொல் குறிக்கும் என்று கூறிய மொழியறிஞரும் உளர். எப்பொருளாயினும், அச்செயலால் தாயின் பால் கெடும், குழந்தை நலியும் என்பது அரபு மக்களின் உறுதியான நம்பிக்கை. அந்த நலிவு குழந்தைப் பருவத்தோடு ஒழிவதில்லை என்றும் அவர்கள் அஞ்சினர். அத்தகைய பாலை உண்டு வளர்ந்தவன் வீரனாகிக் குதிரை ஏறிய பின்னும் அதன் தீங்கு அவனைத் தொடர்ந்து வந்து கீழே வீழ்த்தும் என்ற கருத்தமைந்த எச்சரிக்கையொன்று அஸ்மா பின்த் யஸீத் (ரலி) அவர்களின் அறிவிப்பாக அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது.

இப்பின்னணியில் ஜுதாமா பின்த் வஹ்பு (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஹதீஸை நோக்குதல் வேண்டும். கீலாவைத் தடை செய்துவிட நபி (ஸல்) அவர்கள் எண்ணியிருந்தார்கள். பின்னர், ரோமரும் பாரசீகரும் அவ்வாறே வாழ்கின்றனர், அதனால் அவர்தம் குழந்தைகளுக்குத் தீங்கு நேர்வதில்லை என்பதைக் கருதிப் பார்த்துத் தடையைக் கைவிட்டார்கள். அதே நூலில் உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்கள் வழியாக வரும் மற்றோர் அறிவிப்பு ஒரு தனிமனிதரின் கவலையைக் காட்டுகிறது. தம் மனைவியிடம் 'அஸ்ல்' செய்வதாக, அதாவது கருத்தரியாவண்ணம் விலகிக்கொள்வதாக, ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் தெரிவித்தார். காரணம் வினவப்பட்டபோது, அவளது குழந்தையை எண்ணி அஞ்சுவதாக விடையிறுத்தார். அது தீங்கானதாயின் பாரசீகரையும் ரோமரையும் அது பாதித்திருக்குமே என்று அவருக்கு விளக்கம் தரப்பட்டது.

இந்த இரண்டு அறிவிப்புகளிலும் நாம் காண்பது என்ன? குழந்தையின் மீதான அன்பு குறை கூறப்படவில்லை. அந்த அன்பின் பெயரால், சான்று ஏதுமின்றி, இல்லறத்துக்கு இடப்பட்ட வேலியே அகற்றப்பட்டது. பிற சமுதாயத்தாரின் வாழ்வனுபவம் இங்குச் சான்றாக ஏற்கப்பட்டமையும் குறிப்பிடத்தக்கது.

மருத்துவ நூல்களும் மார்க்க அறிஞர்களும்

இங்கு ஒரு வியப்புண்டு. ரோமப் பேரரசின் மருத்துவ நூல்களோ இதற்கு நேர்மாறாகவே பேசின. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸொரானஸ், கேலன் ஆகிய கிரேக்க மருத்துவர்கள் இருவரும், பாலூட்டும் செவிலி ஆடவன் கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும் என்றே எழுதினர். அந்நாட்டு மக்களோ வேறு விதமாக வாழ்ந்தனர். ஹதீஸ் எடுத்துக்காட்டியது மருத்துவர்களின் ஏட்டை அன்று, மக்களின் வாழ்க்கையை.

கிரேக்க மருத்துவம் அரபு மொழிக்குப் பெயர்ந்தபோது அந்தப் பழைய கருத்தும் உடன் வந்தது. ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு ஸீனா தமது 'அல்-கானூன்' நூலில், செவிலித் தாய்க்குக் கூட்டம் ஆகாது, அது பாலின் மணத்தைக் கெடுத்து அளவைக் குறைக்கும் என்றெழுதினார். இவ்வாறு முஸ்லிம் உலகின் மருத்துவ நூல் ஒன்று கூற, ஹதீஸ் மற்றொன்று கூறியது. இம்முரணை அறிஞர்கள் மறைக்க முயலவில்லை. ஹிஜ்ரி 751இல் (கி.பி. 1350) திமிஷ்கில் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள், தடுக்கும் அறிவிப்பையும் அனுமதிக்கும் அறிவிப்பையும் அருகருகே வைத்து ஆராய்கிறார்கள். எச்சரிக்கை என்பது நலம் நாடும் அறிவுரையேயன்றி ஹராம் என்ற தீர்ப்பு அன்று என்பது அவர்களது முடிவு. பாலூட்டும் மனைவியோடு வாழ்வது எல்லா மக்களுக்கும் பொதுவான நிலை; பாலூட்டும் காலம் முழுவதும் விலகியிருத்தல் பெருஞ்சிரமம்; அது விலக்கப்பட்டிருந்தால் சமுதாயம் முழுவதும் அதனை அறிந்திருக்கும் என்று அவர்கள் வாதிடுகிறார்கள்.

கூடுவதனால் பால் கெடுவதில்லை என்பதை இன்றைய மருத்துவம் தெளிவாக்கியுள்ளது. அடுத்த கரு விரைவில் உருவானால் பாலின் அளவு குறையக்கூடும் என்பதையும் அது ஏற்கிறது. ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டும், பின்னர் பிற உணவுகளோடு ஈராண்டு வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே பழைய அச்சத்தில் ஏற்கத்தக்க பகுதி, பிள்ளைப்பேறுகளுக்கிடையே இடைவெளி வேண்டும் என்பதே. அதற்குத் தம்பதியர் விலகி வாழ்தல் ஒன்றே வழி என்று சன்மார்க்கம் கூறவில்லை.

குழந்தையின் பொருட்டுத் தாயோ தந்தையோ துன்புறுத்தப்படலாகாது என்று 233ஆம் வசனம் கூறுவதற்கும் இதே திசையில் ஒரு விளக்கம் உண்டு. ஹிஜ்ரி 148இல் மறைந்த இமாம் ஜஅஃபர் ஸாதிக் (ரஹ்) அவர்கள் கூறியதாக ஷீஆ மரபின் 'அல்-காஃபீ' தொகுப்பில் அது காணப்படுகிறது. கைக்குழந்தைக்கு அஞ்சி மனைவி கணவனை விலக்குவதும், அதே அச்சத்தால் கணவன் மனைவியை விலக்குவதும் அவ்வசனம் தடுக்கும் துன்புறுத்தலில் அடங்கும் என்பதே அவ்விளக்கம். ஸுன்னி விரிவுரையாளர் பலர் அச்சொற்றொடரை, குழந்தையைப் பிரித்தல், ஊதியம் மறுத்தல் என்பன போன்ற மணவிலக்குச் சூழலோடு பொருத்திப் பார்த்தனர். இரு விளக்கங்களும் ஒரு நிலையில் ஒன்றுபடுகின்றன: குழந்தை பெற்றோர் ஒருவரையொருவர் வருத்துவதற்கான கருவி ஆகிவிடக்கூடாது.

அலீ - ஃபாத்திமா (ரலி) இல்லம்

சட்டத்தின் மொழியிலிருந்து வாழ்க்கையின் மொழிக்கு வருவோமாயின் நம் கண்முன் நிற்பது அலீ (ரலி), ஃபாத்திமா (ரலி) தம்பதியரின் இல்லம். ஹிஜ்ரி 2இல் மணவாழ்வு தொடங்கிய அவர்களுக்கு ஹிஜ்ரி 3இல் ஹஸன் (ரலி) அவர்களும், அடுத்த ஆண்டில் ஹுஸைன் (ரலி) அவர்களும் பிறந்தனர். பணியாளர் இல்லாத வீடு, வறுமை, சிறு குழந்தைகள். திருகை சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன கைகளோடு ஃபாத்திமா (ரலி) அவர்கள் பணியாளர் ஒருவரைக் கேட்டுத் தந்தையிடம் சென்ற நிகழ்ச்சியை அலீ (ரலி) அவர்களே அறிவிப்பதாக புகாரீயில் காண்கிறோம். நீர் இறைத்து இறைத்துத் தம் நெஞ்சு நோவதை அலீ (ரலி) அவர்களும், மாவரைத்துக் கை நோவதை ஃபாத்திமா (ரலி) அவர்களும் வெளிப்படுத்தியதாக முஸ்னத் அஹ்மதின் அறிவிப்பு விரிவாகக் கூறுகிறது. நபி (ஸல்) அவர்கள் அன்றிரவு அவர்களது இல்லம் சென்று, இருவருக்கும் சேர்த்தே தஸ்பீஹையும் தஹ்மீதையும் தக்பீரையும் கற்பித்தார்கள். தஸ்பீஹின் சிறப்பைப் பேசும்போது நாம் பெரும்பாலும் கடந்துவிடும் ஒன்று இதில் உள்ளது. மனைவியின் களைப்பைக் கணவர் அறிந்திருந்தார். கணவரின் களைப்பை மனைவி அறிந்திருந்தார். களைப்பு அவர்களிடையே பகையாக மாறாமல் பொதுத் தேவையாக நின்றது.

பிணக்கே இல்லாத இல்லமும் அன்று அது. ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் மகளின் வீட்டுக்கு வந்தபோது அலீ (ரலி) அவர்கள் அங்கில்லை. தங்களுக்குள் ஏதோ நேர்ந்துவிட்டது, அவர் கோபத்தோடு வெளியே சென்றுவிட்டார், நண்பகல் ஓய்வுக்கும் வீட்டில் தங்கவில்லை என்று மகள் கூறினார்கள். பள்ளிவாசலில் மண் படிந்த மேனியோடு உறங்கிக்கொண்டிருந்த மருமகனின் உடலிலிருந்து மண்ணைத் தட்டிவிட்டு, 'அபூதுராப்', அதாவது மண்ணின் தந்தையே என்று செல்லமாக அழைத்து எழுப்பினார்கள் நபிகள் நாயகம் (ஸல்). யார் மீது பிழை என்று அவர்கள் விசாரித்ததாக புகாரீயின் அறிவிப்பில் இல்லை. இளந்தம்பதியரின் சிறு பூசல்களில் பெரியவர்கள் ஆற்றவேண்டிய பங்கு எதுவென்பதை இதனினும் தெளிவாகக் கூற இயலாது.

ஆட்சியாளரின் கடமை

பிள்ளை வளர்ப்பின் சுமையும் இல்லறத்தின் உரிமையும் வீட்டுக்குள் மட்டும் தீர்க்கப்படுவன அல்ல என்பதை உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலம் (ஹிஜ்ரி 13-23) உணர்த்துகிறது. மதீனாவின் புறத்தே தங்கியிருந்த வணிகக் கூட்டத்துக்கு இரவில் காவலிருந்த கலீபா, ஒரு குழந்தையின் ஓயாத அழுகையைக் கேட்டுத் தாயிடம் காரணம் வினவியதை இப்னு ஸஅத் பதிவு செய்துள்ளார். பால் மறந்த குழந்தைகளுக்கே கலீபா உதவித்தொகை வழங்குவதால் முன்கூட்டியே பாலை நிறுத்த முயல்வதாக அத்தாய் கூறினார். கலீபா கலங்கிப்போனார், பிறந்தது முதலே எல்லாக் குழந்தைகளுக்கும் தொகை உண்டு என அறிவித்தார். அரசின் ஒரு விதி தாயின் மடிவரை சென்று தாக்கும் என்பதற்கு இது சான்று.

மற்றோர் இரவில், போர்முனை சென்ற கணவனின் பிரிவாற்றாது ஒரு பெண் பாடிக்கொண்டிருந்ததை அவர்கள் செவியுற்றார்கள். தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஆலோசித்த பின், போர்வீரர் மனைவியரைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு எல்லை வகுத்தார்கள். அது நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. முதல் நிகழ்ச்சி குழந்தையின் உரிமையைக் காத்தது. இரண்டாவது மனைவியின் உரிமையைக் காத்தது. இரண்டையும் ஒரே ஆட்சியாளர் ஒரே கண்ணோட்டத்துடன் நோக்கினார்.

பிக்ஹு நூல்களும் இமாம் கஸ்ஸாலியும்

தாயின் உழைப்பைச் சட்ட அறிஞர்கள் எளிதாக எண்ணிவிடவில்லை. சீம்பாலைத் தன் குழந்தைக்கு ஊட்டுவது தாயின் கடமை என்றனர் ஷாபிஈ அறிஞர்கள். அதன் பின்னர், வேறு செவிலி கிடைக்குமிடத்து, பாலூட்டுமாறு மனைவியைக் கணவன் கட்டாயப்படுத்த இயலாது என்றனர். ஹனபீ அறிஞர்களோ இறைவனிடத்தில் அது அவளுக்குக் கடமையே, ஆயினும் நீதிமன்றம் வற்புறுத்தாது என்றனர். தந்தையின் செலவுப் பொறுப்பை இரு சாராரும் உறுதிப்படுத்தினர். பாலூட்டல் மனைவி கணவனுக்குச் செலுத்தும் கடன் அன்று என்ற தெளிவு இதில் அடங்கியுள்ளது.

ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் திருமண ஒழுக்கங்களுக்கென்றே ஒரு நூற்பகுதியை அமைத்தார்கள். மனைவியோடு விளையாட்டும் நகைச்சுவையும் கலந்து பழகுவதை அதில் நல்லொழுக்கமாக எண்ணுகிறார்கள். அஸ்லை அனுமதிக்கும்போது, மனைவியின் உடல்நலமும் அழகும் காக்கப்படுதல், பிள்ளைகள் மிகுவதால் நேரும் இடர்ப்பாட்டைத் தவிர்த்தல் ஆகிய நோக்கங்களைத் தடைக்குரியனவாக அவர்கள் கருதவில்லை. தாயாகிவிட்ட பின்னரும் அவள் மனைவியே என்ற எண்ணம் இவ்வரிகளில் ஊடாடுகிறது.

நம் ஊர்களில்

ஷாபிஈ மத்ஹபு வேரூன்றிய நம் கடற்கரை ஊர்களில், காயல்பட்டினம், கீழக்கரை போன்றவற்றில், மணமான பெண் தாய்வீட்டிலேயே வாழ, கணவர் அங்கு வந்து வாழும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. பிள்ளைப்பேற்றுக்காகப் பெண் கணவனைப் பிரிந்து செல்லவேண்டிய நிலை அங்கு எழுவதில்லை. தாய், தமக்கை, பெரியம்மா எனப் பல கைகள் குழந்தையை ஏந்தக் காத்திருக்கும். ஆனால் அவ்வூர் ஆடவரே இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வணிகத்தின் பொருட்டுச் சென்று ஆண்டுக்கணக்கில் தங்கினர். 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகள் தமிழகத்தின் எல்லாப் பகுதி முஸ்லிம் ஆடவரையும் அவ்வாறே ஈர்த்தன. குழந்தை தவழ்வதையும் நடப்பதையும் காணாத தந்தையர் எத்தனை பேர்! நகரங்களில் தனிக்குடித்தனம் நடத்துவோர் நிலை இதற்கு மறுதலை. கணவர் உடனிருக்கிறார், உதவும் கைகள் இல்லை. ஒரு சாரார்க்குத் துணை இருந்தும் துணைவர் இல்லை. மற்றவர்க்குத் துணைவர் இருந்தும் துணை இல்லை.

நாற்பது நாள் என்னும் கணக்கையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். நிபாஸின் மிகுதியான காலம் ஹனபீகளிடம் 40 நாள், ஷாபிஈகளிடம் 60 நாள். அதற்கு முன்பே உதிரம் நின்றுவிட்டால் குளித்துத் தொழவேண்டும் என்பது சட்டம். தாயின் உடல் தேறுவதற்கான ஓய்வு வேறு. அதனை மாதக்கணக்கில் நீட்டி, தம்பதியர் தனித்துப் பேசுவதற்கும் இடந்தராத வழக்கம் வேறு. முன்னது இரக்கம், பின்னதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை.

இவ்வரலாற்றை நோக்குமிடத்து, குழந்தைக்கும் இல்லறத்துக்குமிடையே போட்டி உண்டென்ற எண்ணத்தை நம் மூலநூல்கள் ஏற்கவில்லை என்பது புலனாகிறது. பாலை எப்போது நிறுத்துவது, அடுத்த குழந்தை எப்போது, வீட்டுப் பணியில் யார் கை கொடுப்பது, பொருளீட்டப் பிரிந்தால் எத்தனை மாதம் பிரிவது என்பனவெல்லாம் 'தஷாவுர்' வேண்டும் காரியங்களே. இவற்றை மாமியாரோ, தாயாரோ, வேலை தருபவரோ முடிவு செய்ய, தம்பதியர் அதற்கு இணங்கி நடக்கும் இல்லங்கள் நம்மிடையே மிகுதி. இறைவசனம் அவ்வுரிமையை அளித்தது பெற்றோர் இருவருக்கும். அதனை அவர்கள் கையில் திரும்ப ஒப்படைப்பது குடும்பத்துப் பெரியவர்களின் கடமை. பெற்றுக்கொண்டு ஒருவரோடொருவர் அமர்ந்து பேசுவது தம்பதியரின் கடமை.