அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்: எங்க ஊர் டிரம்ப் கார்டு பற்றி ஒரு குறிப்பு

பாலக்கோடு பக்கம் 2000ஐ ஒட்டிப் பள்ளிக்கூடம் போனவங்க யாரைக் கேட்டாலும் அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்னு சொல்லுவாங்க. செத்து செத்துப் பொழைப்பார், அவரை மாதிரியே இன்னொருத்தர் இருக்கார், அவர் போலி. இதெல்லாம் சின்னப் பசங்க கட்டிவிட்ட கதைன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். அப்புறம் தேடிப் பார்த்தா, கதைக்கு வேர் இருக்கு. 1994 ஜனவரியில் ராயல் ரம்பிள் நிகழ்ச்சியில் அவரைச் சவப்பெட்டியில் போட்டு மூடினார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் சம்மர்ஸ்லாமில் ஒரு போலி அண்டர்டேக்கரோடு மோதித் திரும்பி வந்தார். அமெரிக்க டிவியில் ஓடிய கதை, கேபிள் வழியாகவும் வாய் வழியாகவும் எங்க ஊருக்கு வந்து சேரும்போது ஏழு உயிராகிவிட்டது.

அந்தக் கதையை ஊருக்குள்ள பிடிச்சு வெச்சது டிவியைவிட டிரம்ப் கார்டுதான் என்பது என் எண்ணம். எல்லார் வீட்டிலும் கேபிள் கிடையாது. பெட்டிக்கடையில் தொங்கும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். கட்டு யாரோ ஒருத்தன் பையில் எப்பவும் இருக்கும்.

ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு கார்டிலும் ஒரு மல்யுத்த வீரர் படம். கீழே ரேங்க், உயரம், எடை, செஸ்ட், பைசெப்ஸ், எத்தனை சண்டை போட்டார், எத்தனை ஜெயித்தார் என்ற எண்கள். கட்டைக் கலைத்து சமமாகப் பிரித்துக்கொள்வோம். முறை யாருடையதோ அவன் மேல் கார்டைப் பார்த்து "வெயிட்டு, ஐந்நூறு" என்பான். எதிராளி கார்டில் குறைவாக இருந்தால் அந்தக் கார்டு அவனுக்கு. ரேங்க் மட்டும் தலைகீழ், சின்ன எண் ஜெயிக்கும். ஜெர்மனியில் குவார்ட்டெட் என்ற பெயரில் கார், விமானப் படங்களோடு ஆடிவந்த ஆட்டம் இது. 1978ல் இங்கிலாந்தில் டாப் டிரம்ப்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. எங்களுக்கு வந்ததில் அச்சிட்டவர் பெயரும் இல்லை, வருஷமும் இல்லை.

அந்த எண்களை நாங்கள் வேதவாக்காக நம்பினோம். அங்குலம், பவுண்டு இரண்டையும் கணக்குப் புத்தகத்துக்கு முன்னாடி இந்தக் கார்டில்தான் படித்தோம். பிக் ஷோ 7 அடி, 500 பவுண்டு. ஆந்த்ரே த ஜயண்ட் 7 அடி 4 அங்குலம், 520 பவுண்டு. இவை நிகழ்ச்சியில் மைக்கில் அறிவித்த அளவுகள். அளவு நாடாவுக்கும் அதுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. இது போட்டி இல்லை, பொழுதுபோக்கு என்று அந்த நிறுவனமே 1989ல் நியூ ஜெர்சி செனட்டில் ஒப்புக்கொண்டுவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து தப்பிக்கத்தான். அந்தச் சேதி எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர இன்னும் பதினைந்து வருஷம் ஆச்சு.

கட்டில் சந்தேகம் வந்தது வேறு வழியில். இரண்டு மூன்று கட்டுகளைக் கலந்து பெரிய கட்டாக்கி ஆடுவோம். ஒரே ஆளுக்கு இரண்டு கட்டில் இரண்டு எடை இருக்கும். எது சரி? சண்டை போட்டுத்தான் தீர்ப்போம்.

2006 ஏப்ரலில் தி கிரேட் காளி டிவியில் வந்தார். இமாச்சலப் பிரதேசத்துக்காரர், பஞ்சாப் போலீஸில் இருந்தவர். வந்த வேகத்தில் அண்டர்டேக்கரையே அடித்தார். எங்க பழைய கட்டில் அவர் எப்படி இருப்பார்? எங்களோடு ஆடிய ஒருத்தன் கல்யாணப் பத்திரிகையைக் கார்டு அளவுக்கு வெட்டி, பேனாவால் காளியை வரைந்து கொண்டுவந்தான். உயரம் 8 அடி, எடை 600, ரேங்க் 1. அவன் வைத்ததுதான் சட்டம்.

ஒரு நாள்தான் ஆடினோம். அந்தக் கார்டு யார் கையில் வந்தாலும் ஆட்டம் முடிந்தது. மறுநாள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். உயரமும் எடையும் இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஆள் புதுசு, அதனால போட்ட சண்டை 1, ஜெயித்தது 1, ரேங்க் கடைசி. முதுகுப் பக்கம் பத்திரிகை எழுத்து தெரிவதால் காளி எப்போ மேலே வருகிறார் என்று எதிராளிக்கும் தெரியும். முறை அவனுடையதாக இருந்தால் "ஜெயிச்சது" என்று கேட்டு லட்டு மாதிரி வாங்கிக்கொள்வான். ஆட்டம் மறுபடி ஆட்டமாச்சு.

நாங்கள் அன்றைக்குக் கண்டுபிடித்ததற்கு உலகத்தில் ஏற்கெனவே ஒரு துறையே இருந்தது. 1993ல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்த மேஜிக்: தி கேதரிங் விளையாட்டில் ஆடுபவரே தன் கட்டைத் தேர்ந்தெடுத்துக் கட்ட வேண்டும். குறைந்தது 60 கார்டு. பெரிய மிருகத்தை இறக்கணும்னா மானா என்கிற ஆற்றலை அதிகமாகச் செலவழிக்கணும். பலத்துக்கு ஒரு விலை உண்டு. டிவி தொடரை வைத்துக் கட்டு போடுவதும் அதே கணக்குத்தான். 2023 அக்டோபரில் அந்த நிறுவனமே டாக்டர் ஹூ தொடரை வைத்து 100 கார்டு கொண்ட நான்கு கட்டுகளை வெளியிட்டது. பிடித்த ஆளைக் கட்டில் சேர்ப்பது சுலபம். அவருக்கு என்ன குறை வைப்பது என்பதில்தான் ஆட்டம் நிற்கிறது. கடையில் வாங்கிய கார்டின் எண்களை நாங்கள் ஒரு நாளும் திருத்தவில்லை. எண் எழுதுவது ஒரு மனுஷன் வேலை, அதைப் பேசி மாற்றலாம் என்று சொல்லிக்கொடுத்தது அந்தப் பேனா காளிதான்.

கட்டுகள் எப்போ அச்சானவை என்று இப்போ குறித்துவைக்க முயன்றுகொண்டிருக்கிறேன். 2002 மே மாதம் நிறுவனம் பெயரை டபிள்யூ.டபிள்யூ.ஈ. என்று மாற்றியது. எழுத்தை வைத்து ஒரு ஊகம் செய்யலாம், அவ்வளவுதான். பழைய பெயரிலேயே பிறகும் அச்சிட்டிருக்கலாம். என்னிடம் இருக்கும் கார்டுகளில் சந்தேகமே இல்லாமல் தேதி சொல்வது ஒன்றே ஒன்று. அதைத் திருப்பினால் பாதி வெட்டுப்பட்ட மணமகன் பெயரும், கீழே ஆவணி முகூர்த்தம், 2006 என்றும் இருக்கிறது.