லூப் என்ற பெயர்

எங்கள் ஊர்ப் பெண்கள் இன்றும் 'லூப்' என்றுதான் சொல்கிறார்கள். கிளினிக்கில் வைப்பதோ கொப்பர்-ரீ. அதில் சுருளும் இல்லை, நெளிவும் இல்லை. 1962இல் அமெரிக்க வைத்தியர் ஜக் லிப்பஸ் அறிமுகப்படுத்திய, பாம்பாய் நெளிந்த பிளாஸ்டிக் சாதனத்தின் பெயர் அது. சாதனம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. பெயரோடு பழைய பயமும் நின்றுவிட்டது என்பது என் எண்ணம்.

அராபியர் நெடும்பயணத்தில் ஒட்டகத்தின் கருப்பையில் கூழாங்கல் வைத்தார்கள், அதுவே இதன் தொடக்கம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கேட்க இனிய கதை, ஆதாரந்தான் இல்லை. 1909இல் ரிச்டர் என்ற ஜேர்மனிய வைத்தியர் பட்டுப்புழுக் குடல்நூலால் வளையம் செய்தார். 1920களில் பேர்லினில் கிராஃபென்பர்க் வெள்ளிக் கம்பியால் செய்தார். அந்த வெள்ளியில் செம்பும் கலந்திருந்தது. கருவைத் தடுப்பதில் செம்புக்குள்ள பங்கை 1969இல் சிலி நாட்டு வைத்தியர் ஸிப்பர் காட்டும்வரை அக்கலப்பை யார் பொருட்படுத்தினார்கள்? யூதரான கிராஃபென்பர்க்கை நாஜிகள் 1937இல் சிறையிலிட்டார்கள். பின்னர் மார்கரட் சங்கர் முதலானோரின் முயற்சியால் அவர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

"சாச்சி, அந்த நூலால கிருமி ஏறுமாமே?" என்று என் ராத்தாவின் மகள் கேட்டாள். அவள் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. 1971இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டல்கன் ஷீல்டின் வால்நூல், ஓர் உறைக்குள் நூற்றுக்கணக்கான இழைகளைக் கொண்டது. திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் அது கிருமிகளை மேலே ஏற்றியது. பெண்கள் இறந்தார்கள், பலர் பிள்ளைப்பேற்றை இழந்தார்கள். 1974இல் அங்கு விற்பனை நின்றது. வழக்குகள் பெருகி 1985இல் நிறுவனமே வங்குரோத்தானது. இன்றைய நூல் ஒற்றை இழை.

அவளிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. முதலில் கருப்பையின் ஆழத்தை அளப்பார்கள். அப்போதும் வைக்கும்போதும் அடிவயிறு சுரீரென்று இழுக்கும். சில நிமிட வேலைதான். சிலருக்குத் தலை சுற்றும். முதல் சில மாதங்கள் மாதவிடாய் கூடுதலாகப் போகும், வலியும் கூடும். எப்போதாவது தானாக வெளியே வந்துவிடுவதும் உண்டு. முதல் மூன்று வாரங்களில் தொற்று ஏற்படும் சிறு வாய்ப்பு இருப்பதால், காய்ச்சலோ கடும் வயிற்றுவலியோ வந்தால் தாமதியாமல் காட்ட வேண்டும். இவற்றைச் சொல்லாமல் "ஒன்றும் தெரியாது" என்று படுக்க வைக்கும் கிளினிக்குகள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஊர்வாய்க் கதைகளுக்குத் தீனி போடுவது அந்த மௌனந்தான்.

380ஏ வகை பத்தாண்டுகள் வேலை செய்யும். பிள்ளை வேண்டுமென்றால் அந்த நூலைப் பிடித்துத்தான் வெளியே எடுப்பார்கள். அதற்கு வைக்கும் நேரங்கூடச் செல்லாது.