நவாப் அடுக்களையும் தோல்ஷாப் வாசலும்: ஆம்பூர் பிரியாணியின் வரலாற்றை வாசித்தல்

ஊர்ப் பெயரைச் சுமந்து விற்பனைக்கு வரும் பண்டம் எதுவானாலும், அதைச் செய்த கையை அந்தப் பெயர் மறைத்துவிடுகிறது. சந்தவாசல், ஆரணி சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 'ஆரணிப் பட்டு' என்று சென்னைக் கடைக்காரர் விரித்துக் காட்டும்போது ஊர் தெரியும், சரிகை தெரியும், விலை தெரியும். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தவன் தெரியமாட்டான். அதே சந்தவாசல் வழியாக வடக்கே போனால் கண்ணமங்கலம், வேலூர். அங்கிருந்து மேற்கே திரும்பினால் ஆம்பூர். இன்று தமிழ்நாட்டின் எந்த நெடுஞ்சாலையிலும், பெங்களூரிலும்கூட 'ஆம்பூர் பிரியாணி' என்ற பலகையைப் பார்க்கலாம். இந்தப் பெயருக்குள் யார் இருக்கிறார்கள், யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் தொன்மத்தைப் பார்ப்போம். ஆம்பூர் பிரியாணிக்கு ஊரறிந்த கதை ஒன்று உண்டு. ஆற்காடு நவாபின் சமையற்கட்டில் வேலை பார்த்த ஒருவர் அந்தப் பக்குவத்தை ஆம்பூருக்குக் கொண்டுவந்து கடை போட்டார் என்பது கதை. ஊரின் பேர்போன கடையான ஸ்டார் பிரியாணி தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்ளும் ஆண்டு 1890. கதை நல்ல கதைதான். ஆனால் ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி வாலாஜா, பின்னாளில் தன் தர்பாரைச் சென்னைச் சேப்பாக்கத்திற்கு மாற்றிக்கொண்டார். 1855இல் கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசில்லாமல் இறந்ததும் டல்ஹௌசியின் ஆட்சி நவாப் பட்டத்தையே ஒழித்தது. ஆக 1890இல் ஆற்காட்டில் நவாபும் இல்லை, அடுக்களையும் இல்லை. சேப்பாக்க அரண்மனையும் அதற்கு முன்பே அரசாங்கக் கட்டடமாகிவிட்டது.

இதனால் கதை பொய் என்று ஆகிவிடாது. ஆட்சி போனாலும் சமையல்காரன் சாவதில்லை; பக்குவம் மகனுக்குப் போகும், மருமகனுக்குப் போகும். நமது அக்கறை வேறு. ஒரு பண்டத்திற்கு மதிப்புச் சேர்க்க அரண்மனைவரை போக வேண்டியிருக்கிறதே, அது ஏன்? தமிழ்நாட்டில் எந்த உணவின் வரலாற்றை எடுத்தாலும் ஒன்று கோயில் மடப்பள்ளியில் தொடங்கும், இல்லாவிட்டால் ராஜாவின் பந்தியில் தொடங்கும். உழைப்பவன் தின்ற சோற்றுக்கு வரலாறு எழுதும் பழக்கம் நம்மிடம் இல்லை. தின்றவன் நவாப் என்றால் அது 'பாரம்பரியம்', தோல்ஷாப் ஆள் என்றால் அது வெறும் பசி.

அரண்மனையை விட்டு வெளியே வந்தால் கண்ணில் படுவது ரயில். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய சென்னை ரயில்வே, பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மேற்கே நீண்டு 1862இல் பேப்பூரைத் தொட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இந்தப் பாதையில் விழுந்த ஊர்கள். பாலாற்றுத் தண்ணீர், சுற்றிலும் வளர்ந்து கிடந்த ஆவாரம்பட்டை, சந்தைகளிலிருந்து வரும் தோல், துறைமுகத்திற்கு ஓடும் ரயில் ஆகிய நான்கும் கூடிய இடத்தில் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியது. முதலாளிகளாகவும் வியாபாரிகளாகவும் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள் இருந்தார்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கிய கால்களில் பெரும்பாலானவை தலித்துகளுடையவை. ஏழை முஸ்லிம்களும் உண்டு. சாதி இந்து தொட மறுத்த தோல், ஏற்றுமதிச் சரக்காகி லண்டன் சந்தைக்குப் போனது.

பிரியாணிக் கடையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விடியும் முன்னே வேலைக்கு வந்து, நாற்றத்திலும் ஈரத்திலும் நின்று, மதியம் வெளியே வருகிறவனுக்கு என்ன வேண்டும்? வயிற்றில் நிற்கிற சோறு வேண்டும். உடனே கிடைக்க வேண்டும். உட்காரும்போது 'நீ யாரு, எந்தத் தெரு' என்று யாரும் கேட்கக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம். சென்னை நகரத்திலேயே, திருவல்லிக்கேணி முரளி கபேயின் 'பிராமணாள்' என்ற எழுத்தை எதிர்த்து 1957இல் பெரியார் மறியல் தொடங்க வேண்டியிருந்தது. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் தனிக் குவளை அதன்பிறகும் வெகுகாலம் இருந்தது. அப்படிப்பட்ட நாட்டில் பாய் கடைப் பெஞ்சுக்கு ஓர் அரசியல் உண்டு. கல்லாவில் இருப்பவருக்குக் காசுதான் கணக்கு. 'பாய், ஒரு பிளேட்' என்று சொல்லிவிட்டு எவனும் எவன் பக்கத்திலும் உட்காரலாம். சமத்துவம் என்ற சொல்லை அந்தக் கடை பேசவில்லை; சும்மா இலையைப் போட்டது.

பக்குவத்திலும் இந்தத் தர்க்கம் தெரிகிறது. ஆம்பூர்ப் பிரியாணி ஏலம், குங்குமப்பூ என்று வாசனையைக் காட்டி மிரட்டுகிற சங்கதி அல்ல. சீரகச் சம்பா அரிசி; அரிசிக்குச் சமமான கறி; ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது; தயிர், புதினா, கொத்தமல்லி. அரிசியைத் தனியே முக்கால் பதம் வேகவிட்டு வடித்து, வெந்த கறியின் மேல் கொட்டி, மூடியின் மேல் தணலை அள்ளிப் போட்டுத் தம் பிடிப்பார்கள். விறகடுப்பில் ஓர் அண்டாவை ஏற்றினால் நூறு பேருக்குப் போடலாம். தொட்டுக்கொள்ளப் புளி விட்ட கத்திரிக்காயும் தயிர் வெங்காயமும். கறிக்குக் காசு பத்தாதவனுக்குக் குஸ்கா. குஸ்கா என்பது கறித்துண்டு இல்லாத பிரியாணிச் சோறு. கறியின் சாறு அதில் இறங்கியிருக்கும், துண்டு மட்டும் இருக்காது. ஒரே அண்டாவிலிருந்து இரண்டு விலைக்குச் சோறு எடுக்கும் இந்த ஏற்பாட்டில், கூலி குறைந்த நாளிலும் கடையை விட்டு விலகாமல் இருக்க ஆளுக்கு வழி கிடைத்தது.

இதை அழகான ஒற்றுமைச் சித்திரமாக முடித்துவிடலாமா என்றால், கூடாது. கடைக்குள்ளேயே ஒரு பிரிவினை இருக்கிறது. பேர் பெற்ற கடைகளின் பலகையில் ஆட்டுக்கறியும் கோழிக்கறியும் ஏறின. 'பெரிய கறி' பிரியாணி தள்ளுவண்டியிலும் சின்னக் கடைகளிலும் தொழிற்சாலை வாசலிலும் நின்றது. விலை குறைவு என்பதால் ஊரின் உழைப்பாளிக் கூட்டம் அதை விரும்பிச் சாப்பிட்டது. ஆனால் 'ஆம்பூர் பிரியாணி' என்ற பெயர் நெடுஞ்சாலை வழியே சென்னைக்கும் பெங்களூருக்கும் பயணம் போனபோது சின்னக் கறியைத்தான் கூட்டிக்கொண்டு போனது. பெரிய கறி ஊரிலேயே தங்கிவிட்டது. பண்டம் அடையாளமாக மாறும்போது அதன் ஒரு பாதி கழிக்கப்படுகிறது.

இதற்கிடையே தொழிலும் மாறியது. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுப்பதத் தோலும் காலணியும் செய்தால்தான் வெளிச் சந்தை என்ற நிலை வந்தது. ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் எழுந்தன. சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்கு வந்தார்கள். மறுபக்கம் பாலாறு கெட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், மாசு செய்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தோலின் லாபம் அந்நியச் செலாவணியாகக் கணக்கில் ஏறியது. நஷ்டம் கிணற்றுத் தண்ணீரில் ஊறியது.

இப்போது 2022க்கு வருவோம். வேலூரிலிருந்து 2019இல் பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தின் நிர்வாகம், மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று அறிவித்தது. ஆட்டுக்கறி, கோழிக்கறி வகைகள் உண்டு, மாட்டுக்கறி கிடையாது. தலித், முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. விழாத் திடலுக்கு வெளியே மாட்டுக்கறிப் பிரியாணியை இலவசமாகக் கொடுப்போம் என்றும் அறிவிப்பு வந்தது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. இந்த விலக்கலை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று விளக்கம் கேட்டு மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் நடந்த அரசு உணவுத் திருவிழாவிலும் இதே கதை. அங்கே எதிர்ப்புக்குப் பிறகு மாட்டுக்கறிக்கு இடம் கிடைத்தது.

ஒரு தரப்புக்கு மாட்டுக்கறி ஆகாது, இன்னொரு தரப்புக்குப் பன்றிக்கறி ஆகாது, இரண்டையும் விட்டுவிட்டால் வம்பில்லையே என்று ஒரு வாதம் உண்டு. நடுநிலைபோலத் தோன்றும். ஆனால் தனிமனிதன் எதைத் தின்ன மறுக்கிறான் என்பது அவன் பாடு. எது ஓர் ஊரின் உணவு என்று அரசு பட்டியல் போடுவது வேறு. பட்டியலில் இல்லாதது அந்த ஊரில் இல்லாததாகிவிடும். பரிமாறும் இடத்தைத் தனியாக வைக்கலாம், பலகை எழுதலாம், வேண்டாதவர் ஒதுங்கிப் போகலாம். ஆம்பூர்த் தெருவில் வெகுகாலமாக நடந்து வருவது அதுதான். தெரு தீர்த்துவைத்த பிரச்சினையை அலுவலகம் திரும்பக் கிளப்பியது.

ஆம்பூரில் இந்த விலக்கலுக்குள் இன்னும் ஆழமான ஒரு முரண் இருக்கிறது. தோலும் கறியும் ஒரே உயிரிலிருந்து உரித்து எடுத்தவை. மாட்டுத் தோல் தொழிற்சாலைக்குள் போய் ஷூவாகி வெளிநாட்டுக் கடைக்குப் போனால் அது நாட்டின் பெருமை. ஏற்றுமதி விருது வாங்கும். அதே மாட்டின் கறி, அந்த ஷூவைத் தைத்த பெண்ணின் தட்டுக்கு வந்தால் அது 'உணர்வு' சம்பந்தப்பட்ட விஷயம். தோலைத் தொட்டால் தீட்டு என்ற பழைய விதி காசு வந்ததும் தளர்ந்தது. கறியைத் தின்றால் தீட்டு என்ற விதிக்குக் காசு வரவில்லை, தளரவில்லை.

ஆகவே ஆம்பூர் பிரியாணிக்கு வரலாறு எழுத உட்காருகிறவர்கள் நவாபின் அடுக்களையில் தேடுவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம். தோல்ஷாப் சங்கு ஊதிய நேரம், ரயில் வந்த நேரம், ஷூ கம்பெனியில் சம்பளம் போட்ட சனிக்கிழமை, இவற்றைப் பார்த்துத்தான் அண்டா ஏறியது, இறங்கியது. எத்தனை பிளேட் பிரியாணி, எத்தனை பிளேட் குஸ்கா போனது என்று கல்லாவில் இருந்த பாய்க்குத் தெரியும். அந்தக் கணக்குத்தான் ஊரின் கூலி வரலாறு. அதை எழுதும்போது தள்ளுவண்டிக்காரரின் கணக்கையும் சேர்த்து எழுத வேண்டும்.