மீன்குஞ்சுக்கு யார் நீந்தப் பழக்கினது?

"மீன்குஞ்சுக்கு நீந்தப் பழக்க வேணுமோ?" எண்டு எங்கட ஆக்கள் கேட்பினம். தகப்பன் கடலுக்குப் போனால் மகனும் போவான், அது ரத்தத்தில ஊறினது எண்டு அர்த்தம். எங்கள் வீட்டைப் பற்றியும் இப்படித்தான் சொல்லுவார்கள். நாலு தலைமுறையாக மயிலிட்டிக் கடற்றொழிலாளர் குடும்பம், கடல் எண்டால் உயிர், பிறகென்ன?

வரலாறு படிக்கிற மாணவியாக எனக்கு இந்தப் பழமொழியில் ஒரு சந்தேகம் இருக்கிறது. கடலில் வைக்கிற விருப்பம் ரத்தத்தில் வருவதென்றால் அதை யாராலும் அறுக்க முடியாது. ஆனால் எங்கள் குடும்பத்தில் அது ஒருமுறை அறுந்திருக்கிறது. எப்ப, எப்படி அறுந்தது என்று பார்த்தால், அது முதலில் எப்படிக் கைமாறி வந்தது என்பதும் விளங்கும்.

பூட்டன் காலம் கட்டுமரக் காலம். வலை பருத்தி நூல். உப்புத்தண்ணியில் பருத்தி கெதியில் உக்கிப்போகும் என்பதால் மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து, காயவைத்து, கிழிந்ததைப் பொத்திக்கொண்டே இருக்க வேணும். அதில் பாதி வேலை பெண்களுடையது. கடலுக்குப் போவது ஆண்கள் என்றாலும், வலையும் கருவாடும் விற்பனையும் வீட்டுக்குள்ளேதான் ஓடின. அந்த வீட்டில் பிறந்த பிள்ளை நடக்கப் பழக முதலே வலைக்குள் தவழ்ந்திருக்கும். "விருப்பம்" என்று நாங்கள் இன்று சொல்லுவது அங்கே தொடங்கியது.

அப்பப்பா வாலிபனாக இருந்த 1950களின் கடைசியில் இலங்கைக் கடற்றொழில் தலைகீழாக மாறத் தொடங்கியது. அரசாங்கம் கடனுக்கு இயந்திரப் படகுகள் கொடுக்க ஆரம்பித்தது. 28 அடி நீளம், மூன்றரைத் தொன், டீசல் எஞ்சின். பருத்தி போய் நைலோன் வலை வந்தது. 1967இல் காரைநகரில் நோர்வே நாட்டவரின் ஒத்துழைப்போடு சீநோர் நிறுவனம் தொடங்கியது. வடக்கில் மீன்பிடி ஒரு தொழிற்துறையாகப் பெருகிய காலம் இது. மயிலிட்டி நாட்டின் முக்கியமான மீன்பிடித் துறைகளில் ஒன்றாக வளர்ந்ததும் இந்த அலையில்தான். அப்பப்பாவும் ரெண்டு பேரோடு கூட்டாக ஒரு படகு எடுத்தார். முதல் வருசம் கடன் கட்டவே உழைப்புச் சரியாக இருந்ததாம்.

எஞ்சின் வந்தாலும் அறிவு பழையதுதான். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ரெண்டு குறி பார்ப்பார்கள். கிட்டத்தில் ஒரு பனை, தூரத்தில் கோவில் கோபுரம். இரண்டும் ஒரே நேரில் வந்தால் ஒரு கோடு. வேறு பக்கம் இன்னும் ரெண்டு குறி, இன்னொரு கோடு. கோடுகள் வெட்டுகிற இடத்தில் கீழே பார் இருக்கும், பாரில விளைமீன் நிற்கும். 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கிகூட அப்பப்பாவுக்கு ஒரு குறி. அந்தப் புகை எந்தப் பக்கம் சரியுது எண்டு பார்த்துக் காற்றையும் சொல்லுவாராம். ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி, கையில் வருகிற அதிர்வை வைத்து, கீழே சேறா மணலா பாரா என்று கண்டுபிடிப்பார். இரவில் அறுமீன் கூட்டமும் விடிவெள்ளியும் மணிக்கூடு.

இதில் ஒன்றுகூட எழுதப்படவில்லை. எழுதவும் ஏலாது. ஈயக்குண்டின் அதிர்வை எந்தக் கொப்பியில் எழுதுவது? பக்கத்தில் இருக்கிற பெடியனின் கையில் கயிற்றைக் கொடுத்து, "இப்ப என்ன தெரியுது?" எண்டு கேட்டு, பிழையாகச் சொன்னால் ஏசி, திரும்பவும் கொடுத்துத்தான் பழக்க வேணும். அப்பா பதினாலு வயதில் அப்படித்தான் படகேறினார். முதல் ரெண்டு வருசம் அவருக்குக் கடலில் விருப்பமே இல்லை, சத்தியும் பயமும்தான் எண்டு அவரே சொல்லுவார். தான் பார்த்த குறியில் தன்ர தூண்டிலில் மீன் ஏறின பிறகுதான் விருப்பம் வந்ததாம். கடலில் விருப்பம் பழக்கத்துக்குப் பிறகு வந்தது, முதலே இருக்கவில்லை.

1990 யூன் நடுப்பகுதியில் மயிலிட்டி வெளியேறியது. அப்பாவுக்கு அப்போது பதினெட்டு வயது. சில நாளில் திரும்பலாம் என்று நினைத்துப் போனவர்களின் ஊர் உயர்பாதுகாப்பு வலயமானது. பல குடும்பங்கள் நலன்புரி நிலையங்களுக்குப் போயின, எங்கள் குடும்பம் வடமராட்சிக் கரையில் ஒதுங்கியது.

கடலோரத்தில்தானே இருந்தார்கள், தொழில் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு கரைக்கும் அதற்கென்று சங்கமும் முறையும் உண்டு. வந்தேறிகளுக்கு அங்கே இடம் கிடைப்பது அந்த ஊராரின் தயவில்தான். சொந்தப் படகு வைத்திருந்தவர் கூலிக்கு வலை இழுத்தார். போர்க்காலக் கட்டுப்பாடுகள் வேறு. பாஸ் வேணும், குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் போக ஏலாது, எஞ்சினின் குதிரைவலுவுக்கும் அளவு, பல காலம் இரவில் கடலே இல்லை. வெள்ளி பார்த்து நேரம் சொல்லுகிற அறிவு எங்கே போனது என்று கேட்டால் பதில் இதுதான்: ஒரு தலைமுறைக்கு இரவுக் கடலே கிடைக்கவில்லை.

அப்பப்பாவுக்கு வடமராட்சிக் கடல் பிடிக்கவே இல்லை. "இது வேற கடல்" என்பார். கரையில் இருக்கிற எனக்கு எல்லாம் ஒரே நீலம். அவருக்கோ குறிகள் இல்லாத கடல் என்பது எழுத்தில்லாத புத்தகம் மாதிரி. 2011இல் அவர் செத்தார். ஊர் திறக்க இன்னும் ஆறு வருசம் இருந்தது.

2017 யூலை 3ஆம் திகதி, 27 வருடங்களுக்குப் பிறகு, மயிலிட்டித் துறை விடுவிக்கப்பட்டது. 2019இல் புனரமைத்த துறைமுகத்தின் முதற்கட்டத்தைத் திறந்தார்கள். செய்திகளில் "மீனவர்கள் கடலுக்குத் திரும்பினர்" என்று போட்டார்கள். அந்த வசனத்தைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேணும். யார் திரும்பினது? ஐம்பது வருசம் அந்தக் கடலைப் படித்தவர் திரும்பவில்லை. திரும்பின அப்பாவிடம் இருந்தது பதினாலு வயது முதல் பதினெட்டு வயது வரையான நாலு வருசப் பழக்கம். அண்ணா வடமராட்சியில் தொழில் பழகினவர். மயிலிட்டிக் கடல் அவருக்குப் புதுக் கடல்.

அந்த நாலு வருசத்துக்கும் குறிகள் இல்லை. பனை இல்லை, புகைபோக்கியில் புகை இல்லை, வீடுகள் இருந்த இடத்தில் பற்றை. கடலில் இருந்து பார்த்தால் கரையே வேறு ஊர். காணி போனால் உறுதி இருக்கும், வீடு போனால் கணக்கெடுப்பில் ஒரு வரி இருக்கும். தென்னையின் உயரத்திலும் கோபுரத்தின் நேரிலும் எழுதி வைத்திருந்த கடல் வரைபடத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

அண்ணா இப்போது ஜீபிஎஸ் பாவிக்கிறார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பப்பா இருந்திருந்தால் முதல் ஆளாக வாங்கியிருப்பார், எஞ்சினையும் நைலோனையும் ஓடிப்போய் எடுத்தவர்தானே. ஆனால் ஜீபிஎஸ் போன இடத்தைத்தான் ஞாபகம் வைக்கும், எங்கே போக வேணும் என்று சொல்லாது. அதோடு போகிற கடலும் பழைய கடல் இல்லை. பாக்கு நீரிணையைக் கடந்து வருகிற தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் இரவில் வலைகளை அறுத்துக்கொண்டு, கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகின்றன. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. பிடிபட்ட இந்தியப் படகுகளை மயிலிட்டித் துறைமுகத்திலேயே கட்டி வைத்ததால், தங்கள் படகு கட்ட இடமில்லை என்று உள்ளூர்த் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். காத்திருந்து கிடைத்த துறையிலும் நெருக்கடி.

இனிப் பழமொழிக்கு வருவோம். "ரத்தத்தில ஊறினது", "குலத்தொழில்" என்ற சொற்கள் பெருமை மாதிரித் தெரியும். எங்கட சமூகத்தில் அதே சொற்கள் ஒருவரைச் சாதியில் கட்டிவைக்கவும் பயன்படுகின்றன. அதைவிட, இந்தச் சொற்கள் உழைப்பை மறைக்கின்றன. ஒரு வைத்தியரின் அறிவைப் படிப்பு என்கிறோம். ஐம்பது வருசம் ஈயக்குண்டின் அதிர்வைப் படித்தவரின் அறிவைப் பிறப்பு என்கிறோம். பிறப்பில் வந்தது தானாகத் திரும்பவும் வரும் என்று நினைப்பதால், அது தொலைந்ததை யாரும் இழப்பாகக் கணக்கெடுக்கவில்லை.

1990க்கு முன் மயிலிட்டிக் கடலில் வளர்ந்த ஆளாகத் தொழில் செய்தவர்களில் ஆக இளையவருக்கே இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. வலிகாமம் வடக்கு மட்டுமில்லை, இடம்பெயர்ந்த எல்லாக் கரைகளுக்கும் இதே கணக்குத்தான். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால் இந்தக் கிழமையே போய்க் கேளுங்கள். "அந்தக் காலம் எப்பிடி?" எண்டு பொதுவாகக் கேட்க வேண்டாம். எந்தப் பனை, எந்தக் கோபுரம், எத்தனை பாகம் ஆழம், எந்த மாதம், என்ன மீன் எண்டு கேளுங்கள். முடிந்தால் அவரைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கேளுங்கள். கரையில் மறந்தது சிலவேளை கடலில் கைக்கு ஞாபகம் வரும்.