டயருக்கு எத்தனை பிறவி?



என் பொண்ணு சாந்தோம்ல குடியிருக்கு. அறுப்பு முடிஞ்சு நெல்லை ஏத்தி விட்டதும் நாலு நாள் அங்க போய்த் தங்கிட்டு வருவேன். காலையில கடற்கரைப் பக்கம் நடந்துட்டுத் திரும்பும்போது, அடுக்குமாடி வாசல்கள்ல ஒண்ணு அடிக்கடி கண்ல படுது. பழைய கார் டயருக்கு மஞ்சள், நீலம்னு பெயிண்ட் அடிச்சு, உள்ளே மண்ணு கொட்டி செடி வெச்சிருக்காங்க. சில வீட்ல ரெண்டு டயரை அடுக்கி, மேல பலகை போட்டு உட்கார முக்காலி ஆக்கியிருக்காங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கு. "இதெல்லாம் வெளிநாட்டு ஐடியா மாமா"ன்னு மாப்பிள்ளை சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பழைய டயரை வீணாக்காம வேலைக்கு எடுக்கிற பழக்கம் சென்னைக்கும் புதுசில்ல, கிராமத்துக்கும் புதுசில்ல. அந்த வரலாற்றைத்தான் இன்னைக்கு எழுதலாம்னு உட்கார்ந்தேன்.

டயர் ஏன் மக்கிப் போகாதுங்கிறதை முதல்ல சொல்லிடறேன். ரப்பர் மரத்துப் பால் வெயில்ல இளகும், குளிர்ல விறைக்கும். அமெரிக்காவுல சார்லஸ் குட்இயர் 1839ல ரப்பரோட கந்தகம் சேர்த்துச் சூடாக்கினா அது உறுதியாகுதுன்னு கண்டுபிடிச்சார். அப்படி ஒரு தடவை வெந்த ரப்பர் திரும்ப உருகாது. வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்க முடியுமா? அந்தக் கதைதான். இரும்பு, கண்ணாடி மாதிரி டயரை உருக்கிப் புது டயர் ஊத்த முடியாததுக்கு இதுதான் காரணம்.

காத்து அடிச்ச டயரை 1888ல பெல்பாஸ்ட் நகரத்துல செஞ்சவர் ஜான் பாய்ட் டன்லப். அவர் ஒரு கால்நடை மருத்துவர், அதாவது நம்ம ஊர் பாஷையில மாட்டு டாக்டர். மகனோட மூணு சக்கர சைக்கிள் குலுங்காம ஓடறதுக்காகச் செஞ்சது, பின்னாடி உலகத்தையே ஓட்டிடுச்சு.

ரப்பர் மரமும் நம்ம மண்ணோடது இல்ல. 1876ல ஹென்றி விக்ஹாம்ங்கிற ஆங்கிலேயர் பிரேசில்ல இருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்க முளைச்ச நாத்துகள் இலங்கைக்கு வந்துச்சு. கேரளாவுல பெரியாத்தங்கரையில தட்டேக்காட்டுல 1902ல தோட்டமாப் பயிர் செஞ்சாங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இன்னைக்கும் ரப்பர் பால் வடிக்கிறாங்க.

அப்புறம் ரெண்டாம் உலகப் போர் வந்துச்சு. 1942 தொடக்கத்துல மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போச்சு. உலகத்து ரப்பர்ல பெரும் பங்கு அந்தப் பக்கத்துல இருந்துதான் வந்துட்டிருந்தது. அவ்வளவு வசதியான அமெரிக்காவுலயே முதல்ல ரேஷன் ஆன பொருள் டயர்தான். புது டயர் கிடைக்காத காலத்துல பழைய டயருக்கு மவுசு வந்துடுச்சு.

அந்த மவுசோட அடையாளம் சாந்தோம்ல இருந்து கடலோரமாவே வடக்கே போனா இருக்கு. திருவொற்றியூர்ல 1946ல கே.எம். மாம்மன் மாப்பிள்ளை ஒரு சின்னக் கொட்டகையில பிள்ளைங்க விளையாடற பலூன் செய்ய ஆரம்பிச்சார். அதுதான் பின்னாடி எம்.ஆர்.எஃப். ஆச்சு. மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரிங்கிறதோட சுருக்கம் அது. அவங்க புது டயர் தயாரிப்புல இறங்கினது 1961ல. அதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி, 1952லயே டிரெட் ரப்பர் செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. தேய்ஞ்ச டயர் மேல புதுசா ஒட்டற ரப்பர் அது. ஆக, இந்தப் பட்டணத்துல இவ்வளவு பெரிய டயர் கம்பெனி கால் ஊன்றினதே பழைய டயரைப் பிழைக்க வெச்சுத்தான்.

ரீட்ரேடிங்னு சொல்ற இந்த வேலையில, டயரோட தேய்ஞ்ச மேல்பாகத்தைச் சுரண்டி எடுத்துட்டு, புது டிரெட் ரப்பரைச் சுத்தி ஒட்டி வேக வைப்பாங்க. உள்கூடு நல்லா இருந்தா லாரி டயருக்கு இப்படி ஒண்ணு ரெண்டு தடவை உயிர் கொடுக்கலாம். நாமக்கல், சங்ககிரி மாதிரி லாரி ஊர்கள்ல இது பெரிய தொழில்.

இனிமேல் லாரிக்கு ஆகாதுங்கிற டயர்தான் எங்க ஊருக்கு வரும். முதல்ல மாட்டு வண்டிக்கு. நான் சின்னப் பையனா இருந்தப்போ மரச்சக்கரத்துல இரும்புப் பட்டா போட்ட வண்டிதான் அதிகம். டயர் வண்டி வந்ததும் அதே ஜோடி மாடு கூடுதல் மூட்டையை இழுத்துச்சு. மழையில வண்டிப் பாதை அவ்வளவா வெட்டிக்கிட்டுப் போகல. மாட்டோட கழுத்துக்கும் அது நிம்மதி.

வண்டிக்கும் ஆகாத டயர் சந்தையில செருப்பு தைக்கிற பெரியவர்கிட்ட போகும். அவர் கத்தியைத் தண்ணியில நனைச்சு நனைச்சு டயரை அறுப்பார். காலை வெச்சு சாக்பீஸ்ல கோடு போட்டு, அடிக்கு டயர், மேல வாருக்கு டியூப், நாலு ஆணி. அவ்வளவுதான் டயர் செருப்பு. சீமைக்கருவேல முள்ளு ஏறாது, சேத்துல ஊறாது. எங்கப்பா ஒரு ஜோடியைப் பல வருஷம் போட்டார். வியட்நாம்ல போர்க்காலத்துல வீரர்கள் போட்டு நடந்ததும் டயர் செருப்புதான். மெக்சிகோவுல விவசாயிகள் போடற செருப்புக்கும் டயர்தான் அடி. இல்லாதவன் எந்த நாட்டுல இருந்தாலும் ஒரே மாதிரிதான் யோசிப்பான் போல.

அது மட்டுமில்ல. கிணறு வெட்டும்போது கல்லும் சேறும் தூக்க டயர்ல தைச்ச வாளி. பாறையில மோதினாலும் நசுங்காது. பம்புசெட் ஃபுட்வால்வுக்கு வாசர் வெட்டறது டயர்லதான். பைப் கசிஞ்சா சுத்திக் கட்ட டியூப் வார். சைக்கிள் கேரியர்ல மூட்டை கட்டவும் அதேதான். பசங்க கையில உண்டிவில்லா ஆகறதும் டியூப். நாங்க கிணத்துல நீச்சல் பழகினதே லாரி டியூபைப் பிடிச்சுக்கிட்டுத்தான். கடல் பக்கம் வந்தீங்கன்னா, காசிமேட்டு விசைப்படகுகள் ஒண்ணோட ஒண்ணு உரசாம இருக்க ஓரமா டயர் தொங்கும், பார்த்திருப்பீங்க.

இப்படி ஒரு டயர் அஞ்சாறு பிறவி எடுத்துச்சு. எந்தப் பிறவியிலயும் அது அழகுக்கு வாழல. அதுக்கு வேலை இருந்துச்சு, அதனால வாழ்ந்துச்சு.

இந்த வரிசையை அறுத்தது ரேடியல் டயர். நம்ம நாட்டுல 1977ல வந்தது, இன்னைக்குக் கார்ல ஓடறது கிட்டத்தட்ட எல்லாமே ரேடியல்தான். ரோட்டைப் பிடிக்கும், நிறைய ஓடும், டீசலும் மிச்சம். குறை சொல்ல முடியாது. ஆனா அதுக்குள்ள இரும்புக் கம்பி வலை இருக்கு. பழைய நைலான் டயரைக் கத்தியால அறுத்த மாதிரி இதை அறுக்க முடியாது. கம்பி நீட்டிக்கிட்டுக் காலைக் கிழிச்சிடும். சந்தையில அந்தப் பெரியவர் இடத்துல இப்போ பிளாஸ்டிக் செருப்புக் கடை.

அப்போ உங்க கார் டயர் கடைசியில எங்க போகுது? கொஞ்சம் தூளாகி, தார்ல கலந்து ரோடு ஆகுது. அது நல்ல முடிவு. நிறைய டயர் காத்து இல்லாத கொதிகலன்ல வெந்து எண்ணெயாகவும் கரித்தூளாகவும் ஆகுது. பைரோலிசிஸ்னு பேர். ஒழுங்காச் செஞ்சா தொழில், ஒழுங்கில்லாமச் செஞ்சா ஊருக்கே கேடு. எங்க பக்கத்துல அப்படி ஒண்ணு ஓடின ரெண்டு வருஷமும், வெண்டை இலையைத் தொட்டா விரல் கறுத்துப் போகும். வெள்ளை வேட்டியைக் கொடியில காயப் போட முடியாது. எரிஞ்சது எங்க டயர் இல்ல. எங்க ஊர்ல கார் எத்தனை இருக்கு? விரல் விட்டு எண்ணிடலாம்.

பட்டணத்துக்காரங்களும் இந்தப் புகையை ஒருநாள் பார்த்திருக்கீங்க. போகிக்குக் கிழிஞ்ச பாயும் பழைய துடைப்பமும் எரிச்ச வழக்கத்துல டயர் எப்படியோ நுழைஞ்சது. 2018 போகி அன்னைக்கு, பனியும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்துல விமானம் இறங்க முடியாமப் போச்சு. உங்களுக்கு அது ஒருநாள். சூளை, கொதிகலன் பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தினமும் போகிதான்.

2022 ஜூலையில மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்துச்சு. டயர் செய்யற கம்பெனியே, பழைய டயர் முறையா மறுசுழற்சி ஆகறதுக்கும் பொறுப்பு ஏத்துக்கணும். 2024-25ல இருந்து, ரெண்டு வருஷம் முன்னாடி செஞ்ச அளவு முழுசுக்கும் கணக்குக் காட்டணும். எண்ணெய் எடுக்கறதுக்காக வெளிநாட்டுக் கழிவு டயரை இறக்குமதி செய்யவும் தடை. விதி நல்ல விதிதான். ஆனா பதிவு செஞ்ச இடத்துக்குப் போக வேண்டிய டயர் ராத்திரி லாரியில வேற எங்கயாவது போச்சுன்னா, அந்த விதி எங்க ஊர் வெண்டைச் செடியைக் காப்பாத்தாது.

அப்போ செடித்தொட்டி ஆக்கறது தப்பான்னு கேட்பீங்க. தப்பே இல்ல. ஆனா முறையாச் செய்யுங்க. டயரைப் படுக்க வெச்சா கீழ்ப்பக்க மடிப்புல தண்ணி நிக்கும், அந்த மடிப்பு முழுக்க ஏழெட்டு ஓட்டை போடுங்க. மடிப்புக்குள்ள மண்ணை நல்லா அமுக்கி நிரப்புங்க. மண்ணு போடாத டயரை மொட்டை மாடியில விடவே விடாதீங்க. டெங்கு கொசுவுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. 1985ல அமெரிக்காவுல ஹூஸ்டன் பக்கம் ஆசியப் புலிக்கொசு குடியேறினதே கப்பல்ல வந்த பழைய டயர் வழியாத்தான்னு சொல்றாங்க. கறுப்பு டயர் சென்னை வெயில்ல வேரையே வேக வெச்சிடும், அதனால வெள்ளை அடிங்க, இல்லன்னா நிழல்ல வைங்க. டயர்ல துத்தநாகம் மாதிரி சிலது மண்ணுல இறங்கும். அதனால கீரை, காய் வேண்டாம். செம்பருத்தி, நந்தியாவட்டை, குரோட்டன்ஸ் வைங்க, போதும்.

ஆனா ஒரு வீட்டுக்கு எத்தனை தொட்டி வேணும்? நாலு, அஞ்சு. கார் இருக்கிற வரைக்கும் டயர் தேய்ஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அதனால அடுத்த தடவை டயர் மாத்தும்போது, "பழசுக்கு எவ்வளவு கழிப்பீங்க?"ன்னு கேட்கறதோட நிறுத்தாதீங்க. "பழசு எங்க போகுது?"ன்னும் கேளுங்க. ஒருத்தர் கேட்டா கடைக்காரர் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டா அவர் போய் ஏஜென்ட்டைக் கேட்பார்.