ஹாஷ் மோதல் தாக்குதல்

ஹாஷ் மோதல் தாக்குதல் என்பது வலைப் பயன்பாட்டுச் சர்வர்களின் செயலி நேரத்தை முழுவதுமாக விழுங்கி அவற்றை முடக்கும் சேவை மறுப்புத் தாக்குதல். இணைப்பை அடைக்கும் வகைத் தாக்குதலுக்குப் பெரும் எண்ணிக்கையில் கணினிகள் தேவைப்படும். இதற்கு ஒரே கணினியும் மெதுவான இணைப்பும் போதும்.

படிவம் ஒன்று வந்து சேர்ந்ததும் அதன் புலப் பெயர்களையும் மதிப்புகளையும் சர்வர் ஒரு ஹாஷ் அட்டவணையில் சேர்த்துவைக்கும். ஒவ்வொரு பெயரும் ஓர் எண்ணாகச் சுருக்கப்பட்டு, அந்த எண்ணுக்குரிய அறையில் இடப்படும். பெயர்கள் பல அறைகளில் பரவியிருந்தால் சேர்ப்பதும் தேடுவதும் நொடிப்பொழுது வேலை. எல்லாப் பெயர்களுக்கும் ஒரே எண் வரும்படி எதிராளி தேர்ந்தெடுத்து அனுப்பினால், புதிதாக வரும் ஒவ்வொரு பெயரையும் அதே அறையில் ஏற்கெனவே உள்ள அனைத்தோடும் ஒப்பிட வேண்டியிருக்கும். 10,000 பெயர்களுக்குச் சுமார் 5 கோடி ஒப்பீடுகள். பல தளங்களில் இந்தச் சேர்ப்பு வேலை நிரலரின் குறிமுறை இயங்கும் முன்பே முடிந்துவிடுவதால், பயன்பாட்டுக்குள் எழுதிவைத்த கடவுச்சொல் சோதனையால் இதைத் தடுக்க முடியாது.

ஜாவா மொழியில் மோதும் பெயர்களை உருவாக்குவது வியப்பூட்டும் அளவுக்கு எளிது. அம்மொழியின் சர ஹாஷ், முந்தைய மதிப்பை 31ஆல் பெருக்கி அடுத்த எழுத்தின் குறியெண்ணைக் கூட்டும். ஆங்கிலப் பெரிய ‘ஏ’யின் குறியெண் 65, சிறிய ‘ஏ’யின் குறியெண் 97. இவ்விரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் கிடைப்பது 2112. குறியெண் 66 கொண்ட பெரிய ‘பி’யை இருமுறை எழுதினாலும் அதே 2112. இந்த இரு இணைகளை எந்த வரிசையில் கோத்தாலும் மோதல் மாறாது. 16 இணைகளைக் கோத்த 32 எழுத்துச் சரங்கள் மட்டும் 65,536 கிடைக்கும். அத்தனைக்கும் ஹாஷ் மதிப்பு ஒன்றே. கணினி கூட வேண்டாம், தாளும் பேனாவும் போதும்.

தாக்குதலை முதலில் கண்டவர் யார் என்பதில் கருத்து ஒருமிக்கவில்லை. சோலார் டிசைனர் என்ற புனைபெயரில் எழுதிய பாதுகாப்பு ஆய்வாளர் 1998இல் ஃப்ராக் இதழில் இந்த ஆபத்தைச் சுட்டியிருந்தார். டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய டிஎன்எஸ் சர்வரின் தேக்ககத்தில், நூறு படிகளுக்கு மேல் தேடல் நீண்டால் கைவிடும் ஒரு சிறு வரி இதற்காகவே இருந்தது. எனினும் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் கிராஸ்பியும் டான் வாலக்கும் 2003இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் அளித்த கட்டுரையே பொதுவாகத் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. டயல்-அப் மோடத்தைவிடக் குறைந்த வேகத்தில் ஆறு நிமிடம் பாக்கெட்டுகளை அனுப்பி, புரோ என்னும் ஊடுருவல் கண்காணிப்புச் சர்வர் தன்னிடம் வந்த போக்குவரத்தில் 71 விழுக்காடு வரை தவறவிடும்படி அவர்கள் செய்து காட்டினர். மாற்று வழியாக, கார்ட்டர், வெக்மன் இருவரும் 1970களிலேயே வகுத்த, சூத்திரத்தைத் தற்போக்காகத் தேர்ந்தெடுக்கும் பொது ஹாஷ் முறையைப் பரிந்துரைத்தனர். பெர்ல் மொழி அதே ஆண்டில், ஒவ்வொரு இயக்கத்திலும் மாறும் விதை எண்ணைக் கலந்து ஹாஷைத் தற்போக்காக்கியது. மற்ற வலைமொழிகளில் பெரும்பாலானவை அசையவில்லை.

2011 டிசம்பர் 28 அன்று பெர்லினில் நடந்த 28ஆவது கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் மாநாட்டில் அலெக்ஸாண்டர் கிளிங்க், யூலியான் வெல்டே இருவரும் அளித்த உரையோடு நிலைமை மாறியது. பிஎச்பி, ஏஎஸ்பி.நெட், ஜாவா, பைத்தான், ரூபி எனப் பெரும்பாலான வலை நிரலாக்கத் தளங்கள் அதில் இடம்பெற்றன. அவர்கள் வெளியிட்ட அளவீட்டின்படி டாம்கேட் என்னும் ஜாவா சர்வரில் ஐ7 செயலியின் ஒரு கருவை ஓயாமல் ஓடவைக்க நொடிக்கு 6 கிலோபிட் போதும். இயல்பு வரம்பான 2 எம்பி படிவம் ஒன்று 44 நிமிடச் செயலி நேரத்தை எடுத்துக்கொள்ளும். தன் ஏஎஸ்பி.நெட் தளத்தில் சுமார் 100 கேபி கோரிக்கை ஒன்று ஒரு கருவை 90 முதல் 110 நொடிகள் வரை பிடித்துவைக்கும் என மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மறுநாளே, வழக்கமான மாதாந்திர அட்டவணைக்குக் காத்திராமல், எம்எஸ்11-100 என்ற பேட்சை வெளியிட்டது. ஆண்டிறுதி விடுமுறையில் இருந்த சர்வர் நிர்வாகிகள் பலருக்கு அது வேலைநாளாயிற்று.

அன்றைய திருத்தங்களில் பெரும்பாலானவை நோயின் மூலத்தைத் தொடவில்லை. புலங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தன. டாம்கேட் 10,000 என்றும், ஏஎஸ்பி.நெட் 1,000 என்றும், 2012 ஜனவரியில் வந்த பிஎச்பி 5.3.9 பதிப்பு 1,000 என்றும் வரம்பிட்டன. அவசரத்தின் விலையும் உடனே தெரிந்தது. பிஎச்பியில் வரம்பு வைக்கச் சேர்த்த குறிமுறையிலேயே, தொலைவிலிருந்து நிரலை இயக்கவல்ல இன்னும் கடுமையான ஓட்டை இருந்தது. அடுத்த மாதமே 5.3.10 வெளியாயிற்று. ஜாவா மொழியிலேயே மாற்றம் தேவையில்லை, கிளாஸ்ஃபிஷ் சர்வரைத் திருத்தினால் போதும் என்பது ஜாவாவைப் பராமரிக்கும் ஆரக்கிளின் அப்போதைய நிலைப்பாடு. சர ஹாஷின் சூத்திரம் மொழி ஆவணத்திலேயே எழுதப்பட்டுவிட்டதால் அதை மாற்றினால் பழைய நிரல்கள் உடையும் என்பது அதற்கு ஆதரவான வாதம். ஜேசன் போன்ற தரவு வடிவங்கள் வழியாக வரும் பெயர்களைப் படிவ வரம்பு தொடுவதில்லை என்பது எதிர்வாதம். பொறுப்பு மொழிக்கா சர்வருக்கா என்ற கேள்விக்கு இரு தரப்பும் ஏற்ற விடை எட்டப்படவில்லை.

2012இல் ஜான்-ஃபிலிப் ஓமாசானும் பெர்ன்ஸ்டைனும் சிப்ஹாஷ் என்ற ரகசியச் சாவியுள்ள ஹாஷை வெளியிட்டனர். மார்ட்டின் பாஸ்லெட்டுடன் சேர்ந்து, பலர் நம்பியிருந்த மர்மர்ஹாஷில் தற்போக்கு விதை எதுவாயினும் மோதும் பெயர்களை உண்டாக்கலாம் என்றும் நிறுவினர். ஜாவா 7இல் மாற்று ஹாஷாகச் சேர்க்கப்பட்டதும் மர்மர்ஹாஷின் ஒரு வகையே. 2014இல் வந்த ஜாவா 8 அதை விட்டு, வேறு வழியை எடுத்தது: ஓர் அறையில் சேரும் உறுப்புகள் எட்டைத் தாண்டினால், பெரிய அட்டவணைகளில் அந்தப் பட்டியல் சமநிலை மரமாக மாறும். எதிராளி மோதவைக்கலாம், ஆனால் மோதலால் அவருக்குக் கிடைக்கும் ஆதாயம் சுருங்கிவிடும். இத்துறையின் தீர்வுகளில் இதுவே மிக நேர்த்தியானது எனலாம். பைத்தான் அதே ஆண்டில் 3.4 பதிப்பில் சிப்ஹாஷை ஏற்றது.

இத்தீர்வுகளுக்குப் பிறகும், 2017 ஜூலையில் நோட்.ஜேஎஸ்ஸில் ஹாஷின் விதை சர்வர் இயங்கும் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருந்தது கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. 2023இல் வெளிப்பட்ட எச்டிடிபி/2 ரேபிட் ரீசெட் தாக்குதல் டாம்கேட், ஜெட்டி முதலிய சர்வர்களைப் பாதித்தது. குறைந்த செலவில் சர்வருக்கு மிகுந்த வேலை வைப்பதால் சிலர் அதையும் இவ்வகையோடு சேர்த்துப் பேசுவர். அதில் ஹாஷ் அட்டவணைக்குப் பங்கில்லை.