குண்டின் எடையா, நீளமா?

காமர்ஸ் படிக்கிறவனுக்குத் துப்பாக்கிக் குழலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே. டெபிட், கிரெடிட்டுக்கு நடுவில் மூளைக்கு ஒரு மாறுதல் வேண்டாமா? :-)

ரைஃபிள் குழலின் உள்சுவரில் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். குண்டு அதைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியே வரும். பம்பரம் மாதிரிதான், சுழற்சி போதவில்லை என்றால் தலை தள்ளாடும், குறி தப்பும். குழலுக்குள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச்சுற்று என்பதைத்தான் ட்விஸ்ட் ரேட் என்கிறார்கள். எண் சிறியதானால் சுழற்சி அதிகம்.

கனமான குண்டுக்கு அதிகச் சுழற்சி வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. இங்கிலாந்தில் வுல்விச் பீரங்கிக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-ல் தந்த சூத்திரத்தில் எடையே கிடையாது! குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, அதை 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். (வேகமான குண்டுகளுக்கு 150-க்குப் பதில் 180 போடுவது பிற்கால வழக்கம்.)

அமெரிக்காவின் எம்-16 கதையைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். அதன் முன்னோடியான ஏஆர்-15-ன் குழல் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. சிறு விலங்குகளை வேட்டையாடும் .222 ரெமிங்டன் துப்பாக்கிகளில் இருந்து வந்த அளவு அது. 55 கிரெய்ன், அதாவது மூன்றரை கிராம் சொச்சம் எடையுள்ள குண்டுக்குச் சாதாரண வானிலையில் அது மட்டுமட்டாகப் போதும். ஆனால் மைனஸ் 54 டிகிரி செல்சியஸ் குளிரில் காற்று அடர்த்தியாகிவிடுமே, குண்டு தள்ளாடியது. 1963-ல் குழலை 12-க்கு மாற்றினார்கள்.

அடுத்த மாற்றம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1980-ல் நேட்டோ, பெல்ஜியத்தின் எஸ்எஸ்109 குண்டைத் தேர்ந்தெடுத்தது. எடை 62 கிரெய்ன். உள்ளே ஈயத்தோடு ஒரு எஃகு முனையும் உண்டு. எஃகு ஈயத்தைவிட லேசு, அதனால் எடை கொஞ்சம் கூடினாலும் நீளம் நிறையக் கூடியது. கூடவே வந்த ட்ரேசர் குண்டு (வாலில் மருந்து எரிந்து, போகிற பாதையைக் காட்டுமே, அது) 64 கிரெய்ன். இரண்டே கிரெய்ன்தான் வித்தியாசம். ஆனால் வால் மருந்து லேசானது, அதனால் நீளம் சுமார் 1.15 அங்குலம். எஸ்எஸ்109 சுமார் 0.9 அங்குலம்தான்.

விட்டம் இரண்டுக்கும் 0.224 அங்குலம். 180 போட்டுக் கணக்குப் பாருங்கள்: எஸ்எஸ்109-க்கு 10, ட்ரேசருக்கு 8-க்கும் கீழே. ஆக, சாதாரணக் குண்டுக்கு 9 தாராளமாகப் போதும் என்றாலும், 1983-ல் வந்த எம்-16ஏ2-வின் குழலை 7-க்கு வெட்டினார்கள். ட்ரேசரும் அதே துப்பாக்கியில் போக வேண்டுமே!

மாட்டிக்கொண்டது பழைய எம்-16ஏ1 வைத்திருந்த சிப்பாய்தான். புதிய தோட்டா அவன் துப்பாக்கியில் கச்சிதமாகப் பொருந்தும், வெடிக்கும், ஆனால் 12 அங்குலச் சுழற்சி அந்த நீளக் குண்டுக்குப் போதாது. நெருக்கடியில் மட்டும், அதுவும் சுமார் 90 மீட்டருக்குள் மட்டும் சுடு என்று ராணுவக் கையேட்டிலேயே எழுத வேண்டியதாயிற்று. புதிய குண்டின் நுனியில் பச்சை பூசியிருந்ததால் அடையாளமாவது தெரிந்தது.

அந்த 7 அங்குலக் குழல் பின்னால் வேறு விதத்தில் கைகொடுத்தது. 2000-களில் அமெரிக்கச் சிறப்புப் படைகள் 77 கிரெய்ன் நீளக் குண்டுக்கு மாறியபோது, சுழற்சிக்காகக் குழலை மாற்ற வேண்டியிருக்கவில்லை.